வாய்ப்பூட்டும் முதல் பந்தியும்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைப் புகழ வேண்டுமென்றால், "அது பந்தி கவனிச்சா ஒருத்தரும் அரை வயித்தோட எந்திரிக்க மாட்டாக" என்பார்கள். சிலமலைக்கு நான் பெண் பார்க்கப் போனபோது, என் மனைவியைப் பற்றி அவளுடைய பெரியப்பா சொன்ன முதல் வார்த்தை அதுதான். எழுபதுகளின் கடைசி. நான் போடியிலிருந்து மலைக்கு ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தேன். விடிகாலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவதும், பொழுது சாய ஆளும் மூட்டையுமாக இறங்குவதும் என் சோலி. இறங்கி வரும்போது பசி காதை அடைக்கும். பந்தி கவனிக்கிற பெண் என்றதும் எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அவளுடைய கீழ்த்தாடை முன்னால் தள்ளி இருந்தது. அதைப் பார்க்காமல் இல்லை. தாடையையும் பார்த்தேன், கண்ணையும் பார்த்தேன், கண் ஜெயித்துவிட்டது. கல்யாணத்தன்று மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஒரே இலையில் சாப்பிட உட்கார வைத்தார்கள். அவள் தலைவலி என்றாள். சுற்றி நின்றவர்கள் வெட்கம் என்றார்கள். எனக்கு இருந்த பசிக்கு இரண்டு பேர் சோற்றையும் நானே சாப்பிட்டேன்.

போடியில் எங்கள் வீட்டில் நானும் என் ஆத்தாளும்தான். வந்த மருமகள் எல்லோருக்கும் போட்டுவிட்டு, பாத்திரத்தை ஒழித்துவிட்டு, கடைசியாகத்தான் சாப்பிடுவாள். அதுவும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு. ஆத்தாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "இந்தக் காலத்துல இப்படி ஒரு மருமக யாருக்கு வாய்க்கும்?" என்று தெருவெல்லாம் சொன்னாள். விசேஷ வீடுகளில் என் மனைவிக்கு ஏகப்பட்ட கிராக்கி. பந்தி பந்தியாகப் பரிமாறிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று வந்துவிடுவாள். நானும் என் பங்குக்கு, "பந்திக்கு முந்திக்கோன்னு பெரியவங்க சொன்னது உனக்கு மட்டும் இல்லையா?" என்று கேலி செய்வேன். அவள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள்.

ஒரு நாள் மலையில் மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். ஆத்தா தேவாரத்துக்கு ஒரு துக்கம் கேட்கப் போயிருந்தாள். சமையலறையில் இடிக்கிற சத்தம் கேட்டது. ஆள் இல்லாத வீடு என்று அன்றைக்குக் கதவைச் சாத்தவில்லை. இஞ்சி இடிக்கிற சின்ன உரலில் அவள் அவரைக்காய்ப் பொரியலை இடித்துக்கொண்டிருந்தாள். அப்பளத்தையும் அதிலேயே போட்டு இடித்தாள். சோற்றோடு பிசைந்து, விரலால் கடைவாய்க்குத் தள்ளி, இடது கையால் தாடையைப் பிடித்து அசைத்து அசைத்து மென்றாள். கீழ்ப்பல் வரிசை மேல்வரிசைக்கு முன்னால் தனியாக நின்றது. மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் ஒன்றையொன்று தொடவே இல்லை. அந்த வாயால் ஒரு முறுக்கைக்கூடக் கடித்து எடுக்க முடியாது.

என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "பாத்துட்டீங்களா?" என்றாள்.

உரலைத் தள்ளி வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளாகவே சொன்னாள். "பள்ளிக்கூடத்துல மத்தியானம் சோறு போடுவாங்கள்ல, எதிர்வரிசையில உக்காந்திருந்த பிள்ளைக எல்லாம் தாடையை முன்னாடி தள்ளி, என்னைய மாதிரியே மென்னு காட்டுச்சுக. டீச்சரும் சிரிச்சுட்டாங்க. அன்னைக்குத் தட்டை வச்சுட்டு எந்திரிச்சவதான். இன்னைக்கு வரைக்கும் நாலு பேரோட உக்காரலை."

ஊரே புகழ்ந்த பந்தி கவனிப்பு அவளுக்கு ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடம். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்பவளை யார் உட்கார்ந்து சாப்பிடச் சொல்வார்கள்? ஒரு பெண் இத்தனை வருஷம் இப்படிச் சமாளித்திருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. கூடவே அந்த டீச்சர் மேல் கோபமும் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலே.

மெல்லாமல் விழுங்கி விழுங்கி அவளுக்குத் தீராத வயிற்றுவலி. போடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "நொறுங்கத் தின்றால் நூறு வயசும்மா. நல்லா மென்னு சாப்பிடணும்" என்றார். யாரிடமும் எதிர்த்துப் பேசாதவள் அன்றைக்கு, "மெல்லணும்னா பல்லும் பல்லும் தொடணும்ல டாக்டர்?" என்று கேட்டாள். அவர் அவளை வாயைத் திறக்கச் சொன்னார். பிறகு டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். மதுரையில் தாடை எலும்பை அறுத்துச் சரிசெய்கிற டாக்டரம்மா ஒருவர் இருப்பதாகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்த டாக்டரம்மா அதிகம் பேசாதவர். ஒரு மாவைக் குழைத்து அவள் வாயில் வைத்து அச்சு எடுத்தார். அடுத்த முறை போனபோது அவளுடைய மேல்பல்லும் கீழ்ப்பல்லும் வெள்ளை வெளேரென்று மேஜைமேல் இருந்தன. கீழ் அச்சைச் சின்ன ரம்பத்தால் அறுத்துப் பின்னால் தள்ளி வைத்துக் காட்டினார். மேல்வரிசையும் கீழ்வரிசையும் டக்கென்று பொருந்தின. என் மனைவி இரண்டையும் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தாள். டக். மறுபடியும் டக். அவள் நிறுத்தவே இல்லை.

"இந்தச் சத்தம் என் வாயில வருமா டாக்டர்?"

"வரும். ஆனா லேசில்ல" என்றார் டாக்டரம்மா. எதையும் மறைக்கவில்லை. வாய்க்குள்ளேயே இரண்டு பக்கமும் எலும்பை அறுக்க வேண்டும். பின்னால் தள்ளியபின் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். எலும்பு கூடும்வரை, ஒன்றரை மாதம் போல, வாயைத் திறக்க முடியாது. வெறும் கஞ்சித் தண்ணிதான். "கீழ் உதடு மரத்துப் போகலாம்மா. சிலருக்கு உணர்ச்சி திரும்பவே வராது. சோத்துப் பருக்கை ஒட்டியிருந்தாக்கூடத் தெரியாது."

"ஒட்டியிருந்தா தொடச்சுக்கிர்றேன்" என்றாள் இவள்.

ஊருக்கு விஷயம் தெரிந்தது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "கல்யாணமே ஆயிருச்சு, இனி எதுக்கு?" முகத்தைச் சரிசெய்வதென்றால் கல்யாணத்துக்கு முன்னால் செய்ய வேண்டும், கழுத்தில் தாலி ஏறியபின் அது வீண் செலவு என்பது அவர்கள் கணக்கு. ஆத்தாளும் விடவில்லை. "என் மகன் உன்னைய வேணாம்னா சொன்னான்? ஆண்டவன் குடுத்த மூஞ்சியை எதுக்குத்தா அறுக்குற?"

அவள் அடுப்பை ஊதிக்கொண்டே பதில் சொன்னாள். "மூஞ்சி இப்படியே இருந்தாலும் எனக்குச் சம்மதந்தான் அத்தை. கல்யாணத்துக்கு மூஞ்சி வேணும்னு எல்லாரும் சொல்றாக. கடிக்கிறதுக்கு வாய் வேணும்னு ஒருத்தர்கூடச் சொல்ல மாட்டேங்குறாக. உங்க பக்கத்துல உக்காந்து, உங்க இலைக்குப் பக்கத்து இலையில நான் சாப்பிடணும்."

ஆத்தா அந்தச் சின்ன உரலை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டுமென்றார்கள். எங்கள் ஸ்டாண்டு டிரைவர்கள் ஒரே ஜீப்பில் அடைந்துகொண்டு மதுரைக்கு வந்து இறங்கினார்கள். கையெழுத்துப் போடப் புருஷனைக் கூப்பிட்டார்கள். "அவுகளும் போடட்டும். தாடை என்னோடது, நானும் போடறேன்" என்று என் பெயருக்கு மேலே அவள் பெயரை எழுதினாள். சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள். வாயை மூடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

திரும்பி வந்தபோது அவள் முகம் வீங்கி அடையாளமே தெரியவில்லை. கண் இரண்டும் இடுங்கிக் கிடந்தன. மயக்கம் முழுதாகத் தெளிந்ததும் அவள் கண்ணாடி கேட்கவில்லை. ஒரு விரலை உதட்டுக்குள் விட்டுத் தடவினாள். மேல்பல் முன்னால் இருந்தது, கீழ்ப்பல் அதற்கு உள்ளே அடங்கி இருந்தது. அந்த விரலை எடுக்காமலே தூங்கிப்போனாள். அவ்வளவு வலியிலும் அந்த முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அவளைக் கட்டிக்கொண்டது என் பாக்கியம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாக உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். வாந்தி வந்தால் வெளியே வர வழியில்லை, மூச்சு அடைத்துவிடும். உடனே கம்பியை வெட்ட வேண்டும். எந்தெந்தக் கம்பி என்று தொட்டுக் காட்டினார். "ஆனா வெட்டிட்டா தாடை நகர்ந்துரும். மறுபடியும் முதல்லேருந்துதான். அதனால அவசரப்பட்டும் வெட்டக்கூடாது, யோசிச்சுக்கிட்டும் நிக்கக்கூடாது" என்றார். கட்டிங் பிளேயர் எந்நேரமும் கையருகே இருக்க வேண்டுமாம். அது என் ஜீப்பிலேயே இருக்கிறது என்றேன். "கிரீஸைத் தொடச்சு, நல்லாக் கொதிக்க வச்சுக் கொண்டாங்க" என்று முதல்முறையாகச் சிரித்தார். அவள் அந்தப் பிளேயரை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பேச்சுக்கு ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன்.

ஜீப்பு குலுங்கும் என்று பஸ்சில் போகச் சொல்லிவிட்டார்கள். அது சித்திரை மாதம். வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழாவுக்குச் சனம் போகிற நேரம். பாதி வழியிலேயே பஸ்சு நிறைந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் மஞ்சள் சேலை, வேப்பிலை, திருநீறு. இவள் ஜன்னலோரம் இருந்தாள். வீக்கத்தில் உதடு மூடாமல் பல் வரிசை முழுக்கக் கம்பி மின்னியது. பக்கத்தில் நின்ற ஒரு பெரிய அம்மாள் குனிந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வாய்ப்பூட்டா ஆத்தா?"

எங்கள் பக்கத்தில் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வாயைக் கம்பியால் பூட்டிக்கொள்வார்கள். கோயில் போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அதற்கு வாய்ப்பூட்டு என்று பெயர். நான் பதறிப்போய், "இல்ல ஆத்தா, இது ஆஸ்பத்திரியில போட்டது" என்றேன்.

"ஆஸ்பத்திரியில வச்சே போட்டுட்டீகளா! பொழைச்சு எந்திரிச்சதுக்கு நேந்துக்கிட்டீக போல."

"நேத்திக்கடன் இல்ல. தாடையில ஆபரேசன்."

"அதான் சொல்றேன். ஆபரேசன்ல பொழைக்க வச்சது யாரு? அவதானய்யா."

இன்னொருத்தி பிளேயரைக் காட்டி அது எதற்கு என்று கேட்டாள். "நேரம் வந்தா பூட்டை வெட்டணும்ல?" என்று பெரிய அம்மாளே பதிலும் சொல்லிவிட்டாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. எங்களை நெருக்கி உட்கார்ந்திருந்த பெண் எழுந்து இடம் விட்டாள். கண்டக்டர் வந்து இவளுக்குக் காற்று வரட்டும் என்று சனத்தை நகர்த்தினார். யாரோ நெற்றியில் திருநீறு பூசினார்கள். இவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: "சிரிக்க வைக்காதீங்க. வலிக்குது."

ஆண்டிபட்டிக் கணவாய் வளைவில் பஸ்சு திரும்பியபோது அந்தச் சிரிப்பு நின்றது. கற்பூரப் புகை, டீசல் வாடை, வெயில். அவள் முகம் வெளுத்தது. நெற்றியில் வியர்வை பொடித்தது. தொண்டை ஏறி இறங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து பிளேயரைப் பிடித்தேன். வெட்டினால் பட்ட பாடெல்லாம் போச்சு. வெட்டாவிட்டால் இவளே போய்விடுவாள். அவள் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வெட்டாதே என்கிறாளா, பொறு என்கிறாளா? கண்ணை மூடி முன்னால் குனிந்து, மூக்கால் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. என் சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய் கிடக்கும். ஒன்றை நசுக்கி அவள் மூக்கருகே பிடித்தேன்.

"அருள் வருது! அருள் வருது!" என்று பெரிய அம்மாள் கத்தினாள். அவ்வளவுதான், பஸ்சு முழுக்கக் குலவை கிளம்பியது. மஞ்சள் தண்ணியை முகத்தில் தெளித்தார்கள். வேப்பிலையால் விசிறினார்கள். நான் ஒரு கையில் பிளேயரும் ஒரு கையில் ஏலக்காயுமாக, பூசாரி மாதிரி நின்றுகொண்டிருந்தேன். குளிர்ந்த தண்ணியும் அந்த விசிறலும் உண்மையிலேயே உதவின. மெல்ல அவள் தொண்டை அடங்கியது. தலையை என் வயிற்றில் சாய்த்துக்கொண்டாள். கம்பி ஒன்றுகூட அறுபடவில்லை. தேனியில் இறங்கும்போது அந்தப் பெண்கள் வரிசையாக வந்து அவள் காலைத் தொட்டுவிட்டுப் போனார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் செய்தது சரிதான் என்பேன். அம்மன் வந்தாளோ இல்லையோ, அப்படி ஒரு வைராக்கியத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

வீட்டில் ஆத்தா ஆரத்தியோடு நின்றாள். பரணிலிருந்து பாலாடையை எடுத்துத் தேய்த்து வைத்திருந்தாள். எனக்குக் குழந்தையில் பால் புகட்டிய, மூக்கு வைத்த கிண்ணம் அது. நாட்டுக்கோழிச் சாற்றை வெள்ளைத் துணியில் இரண்டு தடவை வடிகட்டி, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கிற இடுக்கில் பாலாடை மூக்கை வைத்து, சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். கேழ்வரகுக் கூழ், பருப்புத் தண்ணி, பழச்சாறு என்று எல்லாமே அப்படித்தான். "இவனுக்கு ஊத்தும்போது பாதியைத் துப்புவான். இவ ஒரு சொட்டு சிந்தலை" என்று என்னை இடித்துக்காட்டினாள். பார்க்க வந்தவர்கள் யாராவது இனி எதுக்கு என்று ஆரம்பித்தால், "ஏன், எம்மருமக சாப்பிடக் கூடாதா?" என்று பாய்ந்தாள். எனக்குச் சண்டை போட வேலையே வைக்கவில்லை.

கம்பியை எடுத்த பிறகும் வாய் உடனே திறந்துவிடவில்லை. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் சொருகி, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. கண்ணில் தண்ணீர் வழிய வழிய அதைச் செய்தாள். உணர்ச்சி மட்டும் கீழ் உதட்டுக்குத் திரும்பவில்லை. கொஞ்ச மாதங்கள் கழித்து ஒரு நாள், குரங்கணியிலிருந்து நான் கொண்டுவந்த கொய்யாப்பழத்தோடு சமையலறைக்குள் போனவள், ஓடி வந்து அதை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பழத்தில் ஒரு கடி. பல் வரிசை அப்படியே பதிந்திருந்தது. "பாருங்க, கத்தியால வெட்டுன மாதிரி இருக்கு!" வாயை மூடாமல் சிரித்தாள். நான் அந்தப் பழத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மீதியைத் தின்ன எனக்கு மனசே வரவில்லை.

ஆனாலும் கதவு திறக்கவில்லை. பல் சரியான பிறகும் அவள் தனியாகத்தான் சாப்பிட்டாள். ஆத்தா கூப்பிட்டாலும், "நீங்க சாப்பிடுங்க அத்தை, வர்றேன்" என்பாள். நானும் வற்புறுத்தவில்லை. எலும்பை அறுத்துத் தள்ளி வைக்க டாக்டர் இருந்தார். இதை அவளேதான் செய்ய வேண்டும்.

அந்த வருஷம் சிலமலையில் அவள் தம்பிக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் முதல் பந்திக்கு இலை போட்டார்கள். நான் ஒரு வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். அவளுடைய பெரியப்பா வழக்கம்போல சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஆத்தா, வெரசா வா. நீ நின்னாத்தான் பந்தி களை கட்டும்."

அவள் அந்த வாளியைப் பார்த்தாள். கை பாதி நீண்டுவிட்டது. பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு நீங்க ஊத்துங்க பெரியப்பா. நான் உக்காரப் போறேன்."

எனக்கு எதிர்வரிசையில் ஆத்தாளுக்குப் பக்கத்து இலை காலியாக இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தாள். கையில் தண்ணீர் எடுத்துத் தெளித்து இலையைத் துடைத்தாள். இரண்டு வரிசையிலும் இருந்தவர்கள் அவள் வாயைத்தான் பார்த்தார்கள். அவளும் அதைப் பார்த்தாள். அப்பளத்தை எடுத்தாள். முன்பல்லில் வைத்துக் கடித்தாள். அந்தச் சத்தம் எதிரே இருந்த எனக்குக் கேட்டது. அப்புறம் சோறு, அவரைக்காய், வடை என்று ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் மென்று சாப்பிட்டாள். ஆத்தா தன் இலையில் இருந்த வடையையும் எடுத்து அவள் இலையில் வைத்தாள். எனக்குக் கண் கலங்கி ரசம் எது பாயசம் எது என்று தெரியவில்லை.

அப்போது பார்த்தேன், அவள் கீழ் உதட்டில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. நாலு பேர் பார்த்துச் சிரித்துவிடுவார்களே என்று எனக்குப் பதறியது. என் உதட்டைத் தொட்டுச் சைகை காட்டினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். புரிந்துவிட்டது என்று தலையை ஆட்டினாள். துடைக்கவில்லை. "இருக்கட்டுங்க, சாப்பிட்டுட்டுத் தொடச்சுக்கிர்றேன்" என்று வரிசைக்கே கேட்கச் சொல்லிவிட்டு, பெரியப்பாவைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.